பெரியவர் ஏன் சாப்பிடவில்லை?

அத்தியாயம் 9

கட்டிய மனைவியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை ஊர் என்ன சொல்லும்? நல்லதாக ஒன்றும் சொல்லாது. அதனால் தலைவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. முகம் முழுக்க சோப்பு நுரையோடு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "எனக்கென்ன பொறாமை? சேச்சே!" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த ஆள் நம்பின மாதிரி தெரியவில்லை.

போன வாரம் படிக்க முடியாமல் போனவர்களுக்கும், இன்றுதான் இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்கும் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன்.

தலைவர் பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். 'தலைவர்' என்பது எந்தக் கட்சியும் கொடுத்த பட்டம் இல்லை. பெரியவர் மன்றம் கொடுத்தது. பெரியவர் என்றால் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருக்கிற பெரியவர் அல்ல. நான்கு சினிமாவில் வந்து நான்கு நகரத்தைத் துவம்சம் செய்த ராட்சதப் பிராணி. ஆறு கால், முப்பது மாடி உயரம், முதுகெல்லாம் உப்பு பூத்த செதில், பானை மாதிரி உப்பிய தாடை. உப்பு ஏரியிலிருந்து எழுந்து வருவார். கழுத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற துளைகள் வழியாக ஊளையிடுவார். ஊரில் ஒரு ஜன்னல் கண்ணாடி மிஞ்சாது. கண்டபடி இடித்துத் தள்ளிவிட்டு மறுபடி ஏரிக்குள் இறங்கிவிடுவார். மன்றத்தில் எல்லாரும் 'அவர்', 'இவர்' என்றுதான் பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் தெரியாமல் 'அது' என்று சொன்னால் நாலு முகம் சுளிக்கும்.

மற்ற ரசிகர்கள் விசிலடிப்பதோடு சரி. இவர்கள் உடம்பை ஆராய்கிறவர்கள். அவ்வளவு எடையை முழங்கால் எப்படித் தாங்குகிறது? வாலில் குண்டு விழுந்தால் வலி மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அத்தனை பெரிய உடம்பின் சூடு வெளியே போகாவிட்டால் அவர் உள்ளேயே வெந்துவிட மாட்டாரா? ஒரு மாதம் பூராவும் பெரியவர் எப்படிச் சிறுநீர் கழிப்பார் என்றே போனது. அந்த மாதம்தான் கூட்டத்துக்கு ஆள் அதிகம்.

எல்லாம் ஒரு படத்தில் இருக்கிறது. சுவரளவு பேனர். பெரியவரை நடுவில் கீறித் திறந்த மாதிரி உள்ளுறுப்பெல்லாம் தெரியும். எந்த உறுப்பை யார் வாதாடி ஜெயித்தாரோ அவர் பெயர் அந்த உறுப்புக்குக் கீழே இருக்கும். வருஷம் நடுவில் புது யோசனை வந்தால் தாளில் வரைந்து மேலே ஒட்டுவார்கள். வருஷக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வார்கள். தோற்ற உறுப்பை, தோற்றவரே தன் கையால் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். அதன்பிறகு புது பேனர் அச்சாகும்.

இந்த மன்றத்தின் பெரிய கேள்வி ஒன்றே ஒன்று. நான்கு படத்திலும் பெரியவர் எதையும் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆளைப் பிடித்துத் தின்றதில்லை, மாட்டைத் தின்றதில்லை, ஒரு மரத்தைக்கூடக் கடித்ததில்லை. பின்னே எதைத் தின்று உயிர் வாழ்கிறார்?

அதற்குப் பதில் சொன்னவர் நம் தலைவர். பெரியவர் பாதத்தால் சாப்பிடுகிறார்! மண்ணில் இருக்கிற உப்பையும் சத்தையும் பாதம் வழியாக உறிஞ்சிக்கொள்கிறார். அதனால்தான் ஒவ்வொரு படத்திலும் ஓரிடத்தில் அசையாமல் அவ்வளவு நேரம் நிற்கிறார். 'உப்புப் பாதம்' என்று அதற்குப் பெயர். அது ஜெயித்த அன்றுதான் அவரைத் தலைவராக்கினார்கள். ஆறு பாதத்துக்குக் கீழேயும் அவர் பெயர்.

வீட்டிலும் வேலையிலும் யாரும் அவர் பெயரை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் மெக்கானிக்கை நினைத்துக்கொண்டா ஏறுகிறார்கள்? அந்த ஆறு பாதம்தான் அவருக்கு எல்லாம்.

இப்போது அந்தப் பாதத்துக்கு ஆபத்து. ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தது.

"ஏங்க, டீ ஆறிடுச்சு."

"ஆறட்டும்."

தலைவரின் மனைவி கால்நடை டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பெரியவர் படத்தையாவது முழுசாகப் பார்த்தவள் இல்லை, பாதியில் தூங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் திடீரென்று நாலு படத்தையும் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே ஒரு சேதி போட்டாள். 'பெரியவர் சாப்பிடாமல் இல்லை. சாப்பிட முடியாமல் இருக்கிறார். வாய்க்குள் குட்டிகளை வைத்திருக்கிறார்.'

அவ்வளவுதான். குரூப் பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து எல்லார் வாயிலும் டாக்டரம்மா, டாக்டரம்மா! தலைவர் காலை வணக்கம் போட்டால்கூட நாலு பேர்தான் பதில் போடுகிறார்கள். அவள் ஒரு தும்மல் எமோஜி போட்டால் நாற்பது பேர் நலம் விசாரிக்கிறார்கள். தலைவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"மதியம் சேர்ந்தே போயிடலாமாங்க? இல்ல, நீங்க முன்னாடி போகணுமா?" என்று அவள் கேட்டாள்.

"நாற்காலி போட ஒருத்தன் வேணாமா? தலைவன்னா அதுக்குத்தானே இருக்கேன்."

"நாற்காலி போட பல்லு வர்றேன்னு சொன்னாரே."

தலைவரின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"காலையில போன் பண்ணினாரு."

பல்லு என்பவர் செயற்கைப் பல் செய்கிறவர். ஆள் பார்க்கவும் வாட்டசாட்டமாக இருப்பார், அதுவே ஒரு குறை. பெரியவரின் பல்வரிசை முழுக்க அவர் பெயரில் இருக்கிறது. இவள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நாய்க்கு உடைந்த பல்லுக்குப் பதில் உலோகப் பல் செய்து கொடுத்தார் என்று போன வாரம் பார்த்தோமே, அவரேதான்.

"காலங்காத்தால போன் பண்ற அளவுக்கு என்ன அவசரமாம்?"

"சும்மாதாங்க." அவள் தன் தட்டில் இருந்த முட்டையை ஓரமாகத் தள்ளினாள். "ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"மீட்டிங் முடியட்டும்மா. தலையில ஆயிரம் ஓடுது."

ஆயிரம் எல்லாம் ஓடவில்லை. ஒன்றுதான் ஓடியது. அவருடைய போனில் ஒரு துண்டுக் காட்சி இருந்தது. முந்தின நாள் பழைய ஃபைல்களை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடும்போது கிடைத்தது. மூன்றாவது படத்தின் ஃபைலில் பெரியவர் கேமராவைப் பார்த்து வாயைப் பிளக்கிறார். அகலமாக, அண்ணம் தெரியும்படி. உள்ளே நாக்கு மட்டும் இருக்கிறது. குட்டியும் இல்லை, கிட்டியும் இல்லை.

அதை அவர் மனைவியிடம் காட்டவில்லை. எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். அப்போது அந்தப் பல்லுவின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். நினைக்க நினைக்க இனித்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கராத்தே வகுப்பு நடக்கிற ஹாலில்தான் மன்றம் கூடும். சுவரோரம் நீல மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வியர்வை வாசனை போக ஜன்னல்களைத் திறந்திருந்தார்கள். தலைவரின் தங்கச்சி பேனரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். அவள் பேனர் அச்சடிக்கிற கடையில் வேலை செய்கிறவள். அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறாள். பெரியவர்மேல் அவளுக்குப் பெரிய பக்தி எதுவும் கிடையாது. அண்ணன் சொன்னதற்காக வருகிறாள்.

"அண்ணா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபைனல் சொல்லிடு. நாளைக்கு மெஷின் சர்வீஸுக்குப் போகுது," என்றாள்.

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"அண்ணி ஜெயிச்சா உன் பாதம் போயிடுமாமே?"

"யாரு ஜெயிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

தங்கச்சி அண்ணனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பொண்டாட்டிதானேண்ணா? எதிர்க்கட்சியா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்டரம்மா வந்தாள். ஹாலில் இருந்த பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பல்லு ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். தான் வந்தபோது எழுந்தது ஹாலின் காவல்காரர் ஒருவர்தான் என்பது தலைவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவரும் வெற்றிலை துப்பத்தான் எழுந்தார்.

கணக்கு டீச்சர் மணி பார்த்து ஆரம்பித்து வைத்தார். உயரம் இரண்டு பங்கானால் எடை எட்டுப் பங்காகும் என்று பெரியவரின் முழங்காலைக் காப்பாற்றியவர் அவர்தான். இப்போதும் ஓட்டு எண்ணுவது அவர் பொறுப்பு.

முதலில் டாக்டரம்மா பேசினாள்.

"எங்க ஆஸ்பத்திரியில, எல்லாரும் காத்திருக்கிற இடத்துல ஒரு மீன் தொட்டி இருக்கு. அதுல ஒரு மீன் சாப்பிடாம கிடந்துச்சு. தாடை வீங்கிப்போச்சு. எல்லாரும் நோய்னு நினைச்சாங்க, எடுத்து வெளிய போட்டுடலாம்னாங்க. நான்தான் வேணாம்னு தடுத்தேன். அது வாய்க்குள்ள முட்டையை வச்சிருந்துச்சு. முட்டை குஞ்சாகி, குஞ்சு நீந்தற வரைக்கும் அது எதையும் விழுங்கக் கூடாது. விழுங்கினா தன் பிள்ளையையே விழுங்கிடும். பசியோட சும்மா வாயை மூடிட்டு இருக்கும்."

அவள் பேனரில் இருந்த பெரியவரின் பக்கம் கையை நீட்டினாள்.

"பெரியவர் நாலு படத்துலயும் யாரையாவது கடிச்சாரா? காலால இடிக்கிறார், வாலால அடிக்கிறார். அவ்ளோ பெரிய வாய் இருந்தும் ஏன் கடிக்கல? ஏன் வாயால கத்தாம கழுத்தால கத்துறார்? அவர் கோபத்துல வரலைங்க. புள்ளைங்களைப் பத்திரமா விடறதுக்கு இடம் தேடி வர்றார். நடுவுல நம்ம ஊருங்க இருக்கு, அவ்ளோதான்."

"அடேயப்பா!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல்லு தாங்க மாட்டாமல் எழுந்து, "தாடையைப் பாருங்க! இது கடிக்கிற தாடையே இல்ல, ஏந்திக்கிற தாடை! இத்தனை வருஷமா பல்லு பல்லுன்னு பார்த்துட்டு நானே இதைக் கவனிக்கல!" என்றார்.

தலைவருக்கே தெரிந்தது, இது நல்ல யோசனை. நல்லதுகூட இல்லை, அற்புதம். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறவள் இதைத் தன்னிடம் சொல்லாமல் குரூப்பில் போட்டாளே! அந்தப் பல்லு படித்தபிறகுதானே நான் படித்தேன்! எரிச்சலுக்கு எரிச்சல் அதுதான்.

"அருமையான கற்பனை," என்று எழுந்தார் தலைவர். "ஆனா நம்ம மன்றம் கற்பனையை வச்சு நடக்கல. கண்ணால பார்த்ததை வச்சு நடக்குது. இதைப் பாருங்க."

திரையில் காட்சி ஓடியது. பெரியவர் திரும்பினார். கேமராவைப் பார்த்தார். வாயைப் பிளந்தார். தலைவர் அந்த இடத்தில் நிறுத்தினார். நாக்கு. அண்ணம். வெறும் இருட்டு.

"மூணாவது படம். குட்டிங்க எங்க? எதிர்வீட்டுக்கு விளையாடப் போயிருக்காங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு நாலைந்து பேருக்குத் தொற்றியது. தலைவர் மனைவியைப் பார்க்கவில்லை. பல்லுவைத்தான் பார்த்தார்.

பல்லு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்தார். "தலைவரே, ஒரு நிமிஷம். இந்த ஷாட்டு வந்து..."

சொல்லி முடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். பல்லு அவள் முகத்தைப் பார்த்தார். பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கண் ஜாடை. ஒரு தலையாட்டல். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் மாதிரி! தலைவருக்குக் காது மடல்கூடச் சுட்டது. ஜெயித்தது தெரியவில்லை, கைகள் உயர்ந்தது தெரியவில்லை, கணக்கு டீச்சர் எண்ணிச் சொன்னது தெரியவில்லை. அந்த மணிக்கட்டும் அதன்மேல் இருந்த கையும்தான் தெரிந்தன.

"டாக்டரம்மா, நீங்கதான் வெட்டணும்," என்று கணக்கு டீச்சர் தயங்கித் தயங்கிக் கத்தரியை நீட்டினார்.

"என்கிட்டயே இருக்கு," என்று அவள் தன் பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தரியை எடுத்தாள். தாடைக்குமேல் ஒட்டியிருந்த தாளை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தாள். அவளே வரைந்த குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். கைதட்டல் பெரிதாக எழவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகத் தோளைப் பிடித்துக்கொள்வாள். இன்று பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது.

"ஏங்க."

"ம்."

"அந்த ஷாட்டு மூணாவது படத்துல எந்த இடத்துல வருது?"

"பாலம் உடையுமே, அதுக்கப்புறம்."

"பாலம் உடைஞ்சதும் ஆஸ்பத்திரி சீனுங்க."

"அப்ப அதுக்கு முன்னாடி இருக்கும்."

"அதுக்கு முன்னாடி ராணுவம் வரும். பெரியவரைப் பின்பக்கமாத்தான் காட்டுவாங்க." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அது படத்துல இல்லைங்க. ட்ரைலர்ல மட்டும்தான் வரும்."

சிக்னல் பச்சையானது. தலைவர் வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள், திட்டினார்கள், ஒருவன் பக்கத்தில் வந்து "என்ன சார், வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மன்றத்தின் முதல் விதி, படத்தில் இருப்பதுதான் பெரியவர். ட்ரைலர், போஸ்டர், பொம்மை எதுவும் கணக்கில் சேராது. ஒரு போஸ்டரில் பெரியவருக்கு ஒரு விரல் கூடப்போய் அடிதடிவரை போனபோது எழுதின விதி. எழுதினது யார்? தலைவரேதான். அந்தப் பழைய ஃபைலில் படக் காட்சியும் ட்ரைலர் காட்சியும் கலந்து கிடப்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம். சரிபார்த்தால் இல்லை என்று வந்துவிடுமோ என்ற பயத்தில் பார்க்கவில்லை. பொறாமை பிடித்தவன் கண்ணை மூடிக்கொள்கிற விதம் இதுதான்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே," என்றார் வண்டியை ஓரம் கட்டி.

"நாலு பேர் முன்னாடி உங்க மூக்கை நானா உடைப்பேன்? பல்லு சொல்லத்தான் எழுந்தாரு. நான்தான் கையப் பிடிச்சு உட்கார வச்சேன்."

மத்தியானத்திலிருந்து அவர் மனசை அறுத்துக்கொண்டிருந்த கை அது. இதற்காகவா பிடித்தாள்! தலைவர் வண்டியை மறுபடி கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளறைக்குப் போனாள். கூடத்தில் தங்கச்சி பழைய பேனரைத் தரையில் விரித்துப் போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணா, பாதம் அப்படியே இருக்கட்டும், வாய் காலி. அவ்ளோதானே? அனுப்பிடவா?"

"இரு."

"என்ன இரு? கடைக்காரர் உயிரை எடுக்கிறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணிக்கு உடம்பு சரியில்லையா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ஹால்ல பிஸ்கட்டைக்கூடத் தொடல. தண்ணியத் தண்ணியக் குடிச்சுட்டு இருந்தாங்க."

ஓரமாகத் தள்ளின முட்டை தலைவருக்கு ஞாபகம் வந்தது. நேற்றும் அப்படித்தான் எதையோ தள்ளினாள். பார்த்தார்தான். என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

போனை எடுத்தார். மன்றத்துக் குரூப்பில் எழுதினார். எழுதி அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் போனது இதுதான்: 'இன்னிக்கு நான் காட்டினது ட்ரைலர் காட்சி. நான் போட்ட விதிப்படியே அது செல்லாது. டாக்டர் சொன்னதுதான் சரி. பாதத்தை நானே வெட்டிடறேன்.'

அனுப்பிவிட்டு, சமையலறைக் கத்தரியை எடுத்துக்கொண்டு பேனர்மேல் மண்டி போட்டார். ஆறு கால். அவள் ஒன்றைத்தான் வெட்டினாள், இவருக்கு ஆறு. முதல் பாதத்தை வெட்டும்போது கீழே இருந்த தன் பெயரை ஒரு தடவை படித்துக்கொண்டார். மூன்றாவதை வெட்டும்போது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தங்கச்சி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று குரல் கேட்டது. டாக்டரம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"விதின்னா விதி." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா நீ ஒண்ணு சொல்லு. அந்த மீன் விஷயத்தை ஏன் என்கிட்ட முதல்ல சொல்லல? ஊரெல்லாம் படிச்சப்புறம் நான் படிக்கணுமா?"

அவள் வந்து அவர் எதிரே, பெரியவரின் வால்மேல் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்டதாங்க முதல்ல சொன்னேன்."

"என்கிட்டயா? எப்போ?"

"சாப்பிடும்போது. ஒரு மீன் சாப்பிடாம இருக்குன்னு சொன்னேன். 'ம்'னீங்க. வாய்க்குள்ள முட்டை வச்சிருக்குன்னேன். 'ம்'னீங்க. உங்க பெரியவரும் அப்படித்தானோன்னு கேட்டேன். போனைப் பார்த்து சிரிச்சீங்க. குரூப்ல யாரோ ஜோக் போட்டிருந்தாங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதான் நானும் குரூப்ல சேர்ந்தேன். அங்க எழுதினா படிப்பீங்கல்ல? உங்ககூடப் பேச எனக்கு வேற வழி தெரியலங்க. நாலு படத்தையும் அதுக்குத்தான் பார்த்தேன்."

தலைவர் வெட்டின பாதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பாதி எழுந்தும் விட்டார்.

அப்போது பேனர்மேல் கிடந்த அவள் போன் ஒளிர்ந்தது. தலைவர் வேண்டுமென்று பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே இருந்தது.

பல்லு: 'தலைவர்கிட்ட சொல்லிட்டீங்களா? அவங்க இன்னிக்குப் பதில் கேக்கறாங்க.'

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ட்ரைலர் விஷயமா?"

"இல்லைங்க."

"அப்ப என்ன?"

"காலையில சொல்ல வந்தேனே, அது." அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. அடிபட்ட காட்டு மிருகங்களை வச்சுப் பார்த்துக்கிற இடம். ஆனை, கரடி எல்லாம் இருக்கு. படிக்கும்போதிலேர்ந்து ஆசைப்பட்ட வேலை. பல்லு மூலமாத்தான் தெரிஞ்சுது. அங்க மிருகங்களுக்குப் பல்லு செஞ்சு அனுப்புறாரு."

"எங்க இருக்கு?"

"கடல் தாண்டி. ரெண்டு வருஷம் இருக்கணும்." சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "எத்தனை நாளா இதை வாயிலயே வச்சுக்கிட்டுத் திரியறேன் தெரியுமா? சோறு எறங்கல."

தலைவரின் போன் விடாமல் துடித்தது. குரூப்பில் எல்லாரும் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர்னா இவர்தான் தலைவர், பெரிய மனசு, அப்படி இப்படி என்று. ஆறு பாதம் ஜெயித்த அன்றுகூட இவ்வளவு வரவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'போயிட்டு வாம்மா' என்று சொல்லியிருக்கலாம். 'நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்' என்று அழுதிருக்கலாம். 'முதல்ல சாப்பிடு' என்றாவது கேட்டிருக்கலாம். மூன்றும் தொண்டை வரைக்கும் வந்தன. மூன்றையும் முந்திக்கொண்டு வெளியே வந்தது வேறு ஒன்று.

"அந்தப் பல்லும் வர்றானா?"

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். சிரித்துவிடுவாளோ என்றும் ஒரு ஆசை இருந்தது. அவள் இரண்டும் செய்யவில்லை. எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு தட்டை எடுத்து, காலையில் ஆக்கி வைத்த சோற்றை நிறையப் போட்டுக்கொண்டாள். நின்றபடியே அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இல்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை.